ஒரே சாப்பாடு, ஒரே நடை... அவர் இளைத்தார், இவர் இளைக்கவில்லை!

பௌர்ணமிக்கு மறுநாள் என் கிளினிக்கில் கூட்டம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். முழங்கால் வலி, பாத வீக்கம், உள்ளங்காலில் கொப்புளம்... எல்லாம் 14 கிலோ மீட்டர் கிரிவலம் கொடுத்தனுப்பும் பரிசுகள்!

அப்படி ஒரு மறுநாளில்தான் அந்தத் தம்பதி வந்தார்கள். கணவருக்கு 52 வயது. அரிசி மண்டி வைத்திருக்கிறார். மனைவிக்கு 46. உட்கார்ந்ததுமே கணவர் ஆரம்பித்தார்.

"ஐயா, நீங்களே கேளுங்க. ஆறு மாசமா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மலை சுத்தறோம். ஊட்ல ஒரே சாப்பாடு. நான் 88 கிலோவுல இருந்து 81-க்கு வந்துட்டேன். இவ 74-ல இருந்து அசையவே மாட்டேங்கறா. நான் மண்டிக்குப் போன பின்னாடி எதையோ சாப்பிடறா. கேட்டா அழுவறா!"

அந்தம்மா தலை குனிந்தபடியே சொன்னார்: "சத்தியமா இல்லீங்க ஐயா. ராத்திரி சாப்பாட்டையே நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. நேத்து குபேர லிங்கத்துகிட்ட தலை சுத்தி உக்காந்துட்டேன். கூட வந்த நாத்தனாரு சிரிக்கறாங்க. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க..."

கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். யாரோ சொல்லி வாங்கிய 'உடம்பு இளைக்கும் பொடி'. என்ன சேர்த்திருக்கிறது என்று டப்பாவில் ஒரு வரி கூட இல்லை.

முதலில் டப்பாவை என் பக்கம் நகர்த்திக் கொண்டேன். பிறகு கணவரிடம், "உங்க மனைவி பொய் சொல்லலைங்க. இதுக்கு எலிகளே சாட்சி சொல்லும்" என்றேன். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நீங்களும் அப்படிப் பார்க்க வேண்டாம். எலிக் கதையை முழுசாகக் கேளுங்கள்!

குன்னூரில் பிறந்த வம்சம்

நம் ஊட்டி மலைக்குப் பக்கத்துக் குன்னூரில், பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டில், 1918-ல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் சிறிதாக ஆரம்பமானது. பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் தொடங்கியது அது. எந்த உணவு சாப்பிட்டால் உடம்பு எப்படி ஆகிறது என்று பார்க்க வெள்ளை எலிகளை வளர்த்தார்கள். விஸ்டர் இன எலிகள். 1920-லிருந்து அந்த வம்சத்தை வேறு எலிகளோடு கலக்காமல், சொந்தத்துக்குள்ளேயே பெருக்கிக் காப்பாற்றி வந்தார்கள்.

1958-ல் அந்த ஆராய்ச்சிக்கூடம் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைக்கு 'தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்' என்று நாம் சொல்வது அதைத்தான். எலிகளும் கூடவே போயின.

இத்தனை வருடம் ஒழுங்காக வளர்ந்து வந்த வம்சத்தில் திடீரென்று சில குட்டிகள் குண்டாகப் பிறக்க ஆரம்பித்தன. கூடப் பிறந்தவைக்குக் கொடுத்த அதே தீனிதான் இவற்றுக்கும். ஆனால் பால்குடி மறந்த சில வாரங்களிலேயே உடம்பு ஊதத் தொடங்கிவிடும். மற்ற எலிகளைவிட அதிகமாகத் தின்றன. ஒரு கிலோ எடையைத் தாண்டிய எலிகளும் உண்டு என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! என்.வி. கிரிதரனும் அவரது குழுவினரும் 1996-ல் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். யாரும் எதுவும் செய்யாமல், மரபணுவில் தானாக ஏற்பட்ட ஒரு மாற்றம் அது.

அந்தக் குண்டு எலிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது இன்சுலின் எக்கச்சக்கமாக இருந்தது. கொழுப்பும் அதிகம். 'லெப்டின்' என்ற ஹார்மோனும் அளவுக்கு மீறி இருந்தது.

'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்

லெப்டினைப் பற்றித் தெரிந்து கொள்ள அமெரிக்கா வரை போய் வர வேண்டும். அங்கே பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் என்று ஒன்று. 1949-ல் அங்கேயும் சுண்டெலிகளில் ஒரு குண்டுக்குட்டி தென்பட்டது. பிறகு வேறொரு வகைக் குண்டு சுண்டெலியும் கிடைத்தது.

டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். குண்டு சுண்டெலியையும் சாதாரண சுண்டெலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, இரண்டுக்கும் ரத்த ஓட்டத்தை இணைத்தார். முதல் வகைக் குண்டு சுண்டெலி இளைக்க ஆரம்பித்தது. இரண்டாவது வகையோடு இணைத்தபோதோ, குண்டு எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவம், சாதாரண சுண்டெலி தின்னாமலே செத்துப் போனது!

இதிலிருந்து அவர் என்ன முடிவுக்கு வந்தார்? ரத்தத்தில் 'போதும், சாப்பிட்டது போதும்' என்று சொல்கிற ஒரு பொருள் ஓடுகிறது. முதல் வகைக்கு அந்தப் பொருள் சுரக்கவில்லை. இரண்டாவது வகைக்கு அது நிறையச் சுரக்கிறது. கேட்கிற காதுதான் இல்லை.

அந்தப் பொருளை 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். மெலிவு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இதைச் சுரப்பது எது தெரியுமா? நாம் திட்டிக் கொண்டிருக்கிற நம் உடம்புக் கொழுப்பேதான்! கொழுப்பு சேரச் சேர, 'இருப்பு இருக்கிறது, அடுத்த கவளம் வேண்டாம்' என்று அது மூளைக்குத் தந்தி அடிக்கிறது.

அப்படியானால் லெப்டின் ஊசி போட்டால் எல்லோரும் இளைத்து விடலாமே? அப்படித்தான் முதலில் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத சில குழந்தைகளுக்கு அந்த ஊசி மறுவாழ்வே கொடுத்தது. ஆனால் உங்களையும் என்னையும் போலச் சாதாரணமாகக் குண்டாகிறவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. காரணம், நமக்கு லெப்டின் குறைச்சல் இல்லை. தந்தி மேல் தந்தியாகப் போய், மூளைக்குக் காது மரத்துவிட்டது.

ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு

இப்போதுதான் நம் அரிசி மண்டித் தம்பதி விஷயத்துக்கு வருகிறோம்.

ஆணையும் பெண்ணையும் ஒரே அளவு கொழுப்போடு நிறுத்தி ரத்தம் எடுத்துப் பாருங்கள். பெண்ணிடம் லெப்டின் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பெண்ணுக்குக் கொழுப்பு தோலுக்கு அடியில், இடுப்பிலும் தொடையிலும் சேர்கிறது. ஆணுக்குத் தொப்பைக்குள், குடலைச் சுற்றிச் சேர்கிறது. தோலடிக் கொழுப்புதான் லெப்டினை அதிகம் சுரக்கும். தவிர, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் லெப்டினைக் குறைக்கும்.

நடக்க ஆரம்பித்ததும் முதலில் கரைவது பெரும்பாலும் தொப்பைக்குள் இருக்கும் கொழுப்புதான். அதனால்தான் ஆண்கள் இரண்டு மாதத்தில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொள்கிறார்கள். இடுப்பு, தொடைக் கொழுப்பு அவ்வளவு லேசில் இடம் காலி செய்யாது. கர்ப்பத்துக்கும் பாலூட்டலுக்கும் என்று இயற்கை போட்டு வைத்த டெபாசிட் அது.

சுண்டெலிகளிடமும் இந்த வித்தியாசம் உண்டு. ஒரே கொழுப்புத் தீனியை இரண்டுக்கும் போட்டால், ஆண் சுண்டெலி சீக்கிரம் குண்டாகி, சர்க்கரையும் ஏறும். பெண் சுண்டெலி தாக்குப் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதற்குக் காவல். சினைப்பையை எடுத்துவிட்டால் அந்தக் காவல் போய், பெண் சுண்டெலியும் ஓடியாடுவது குறைந்து எடை போட ஆரம்பிக்கும். மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்கு வயிறு போடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 2016-ல் வந்த ஓர் ஆராய்ச்சி. ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் லோரா ஹெய்ஸ்லர் குழுவினர் செய்தது.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பி.ஓ.எம்.சி. என்ற புரதத்தைத் தயாரிக்கும் நரம்பணுக்கள் உண்டு. 'போதும், சாப்பிட்டதைச் செலவு செய்' என்று உடம்புக்கு உத்தரவு போவது இங்கிருந்துதான். மரபணுவிலேயே இந்தப் புரதம் தயாராகாதபடி செய்த சுண்டெலிகளை எடுத்துக் கொண்டார்கள். ஆணும் பெண்ணும் பயங்கர குண்டு. நிறையச் சாப்பிடும், நகராது.

பிறகு அந்த நரம்பணுக்களில் ஒரு குறிப்பிட்ட பிரிவில் மட்டும் புரதம் மறுபடி சுரக்கும்படி செய்தார்கள். ஆண் சுண்டெலிகள் அளவாகச் சாப்பிட்டன, ஓடியாடின, ஒல்லியாகி ஆரோக்கியமாக இருந்தன.

பெண் சுண்டெலிகள்? தீனி சரியாகிவிட்டது. இன்சுலினும் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஓட்டமும் நடமாட்டமும் கூடவில்லை. உடம்புச் சூட்டுக்காகக் கொழுப்பை எரிக்கும் 'பழுப்புக் கொழுப்பு'ம் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் குண்டாகத்தான் ஆயின!

நன்றாகக் கவனியுங்கள். சாப்பாடு சரியான பிறகும் பெண் சுண்டெலி இளைக்கவில்லை. அதன் மூளையில் 'சாப்பிடாதே' என்ற உத்தரவு ஓரிடத்திலிருந்தும், 'ஓடு, செலவு செய்' என்ற உத்தரவு வேறிடத்திலிருந்தும் போகிறது என்றுதான் இதற்கு அர்த்தம். ஆணுக்கு இரண்டும் ஒரே சாவியில் திறக்கின்றன.

எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 'ஒரே சாப்பாடு, ஒரே நடை என்றால் ஒரே பலன்தானே வர வேண்டும்?' என்ற கேள்வியே தப்பு என்பது மட்டும் நிச்சயம். பெண்ணுக்கு எப்போதும் நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். இப்போது எல்லோரும் பேசுகிற செமாகுளூடைட் ஊசியில், ஆண்களைவிடப் பெண்களுக்கே எடை கொஞ்சம் அதிகம் குறைந்திருக்கிறது.

நான் செய்த தவறு

இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? பெரும்பாலான ஆராய்ச்சிகளில் ஆண் எலிகளையே வைத்துச் சோதித்ததுதான் ஒரு காரணம். பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் ஏறி இறங்கும், கணக்கு குழம்பும் என்று ஒதுக்கிவிட்டார்கள். தன்னிடம் பணம் கேட்டு வரும் ஆராய்ச்சிகளில் ஆண், பெண் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் சொன்னதே 2016-லிருந்துதான்.

விஞ்ஞானிகளைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக் கொள்ளலாமா? சுமார் இருபது வருடத்துக்கு முன் ஒரு அம்மா என்னிடம் வந்தார். நான் எழுதிக் கொடுத்த பத்தியத்தை மூன்று மாதம் கடைப்பிடித்ததாகச் சொன்னார். எடை இறங்கவில்லை. "நீங்க சொல்றது கணக்குல வரலையேம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் சட்டென்று சுருங்கியது. மருந்தை வாங்கிக் கொண்டு போனவர் மறுபடி வரவே இல்லை. அவரிடம் நான் தைராய்டு கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் எந்தப் பெண்ணாவது "நான் அதிகமா சாப்பிடறதில்லைங்க" என்றால், அந்த அம்மா முகம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். உடற்கட்டுகள் ஏழு என்பது அங்கே பாலபாடம். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை... இந்த ஆறும் எல்லோருக்கும் பொது. ஏழாவது மட்டும் ஆணுக்குச் சுக்கிலம், பெண்ணுக்குச் சுரோணிதம். 'அன்றைக்கே நம் சித்தர்களுக்கு ஹார்மோன் தெரியும்' என்று மார்தட்ட நான் தயாரில்லை. ஆனால் ஆண் உடம்பும் பெண் உடம்பும் வேறு என்ற பாடத்தைப் படித்து பரீட்சையும் எழுதிய நான், நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை மறந்தேன் பாருங்கள், அது என் தவறு.

பதினோரு பௌர்ணமி!

அரிசி மண்டிக்காரர் வீட்டுக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு முன் ஒரு முகாமில் இருவரும் சோதனை செய்து கொண்டிருந்தார்கள். அந்தம்மாவின் மூன்று மாத சராசரி சர்க்கரை அப்போது 6.4. மறுபடி பார்க்கச் சொன்னேன். 6.0 வந்தது. தைராய்டில் கோளாறு இல்லை.

"அம்மா, தராசு முள் அசையலை. ஆனா உள்ள உடம்பு திருந்தியிருக்கு, பாருங்க" என்று ரிப்போர்ட்டைக் காட்டினேன். பெண் சுண்டெலிகளுக்கு இன்சுலின் சரியானது ஞாபகம் இருக்கிறதல்லவா? கண்ணைத் துடைத்துக் கொண்டு அந்தக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.

அடுத்து ஒரு கணக்குப் போட்டேன். 70 கிலோ உடம்பு கிரிவலம் ஒரு சுற்று வந்தால் சுமார் 700 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அதாவது ஒரு கிலோ கரைய 11 பௌர்ணமி! வழியில் சுண்டல், மசாலா பால் எல்லாம் சேர்ந்தால் கணக்கு இன்னும் நீளும். அண்ணாமலையாரை மனசுக்காகச் சுற்றுங்கள். உடம்புக்காக என்றால் தினமும் நடக்க வேண்டும்.

பட்டினி கிடந்தது அவருக்கு எதிராகத்தான் வேலை செய்தது. சோறு குறைந்தால் உடம்பு 'பஞ்ச காலம்' என்று நினைத்துச் செலவைச் சுருக்கிக் கொள்ளும். அசதியில் மத்தியானம் முழுக்கப் படுத்தே கிடப்போம். கூடவே தசையும் கரையும். பெண் உடம்புக்கு 'செலவு செய்' உத்தரவே சிரமம் என்றால், பட்டினி அதை இன்னும் சிரமமாக்குகிறது.

பெண்களே, இதைச் செய்யுங்கள்!

• தராசை மட்டும் நம்பாதீர்கள். இன்ச் டேப்பால் இடுப்புச் சுற்றளவு பாருங்கள். பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

• எடை இறங்கவில்லை என்றால் முதலில் தைராய்டு, சர்க்கரை பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்கள் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

• தினமும் 40 நிமிடம் வேகமாக நடங்கள். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல உட்காராதீர்கள்.

• இரவு உணவை நிறுத்தாதீர்கள். சோற்றைக் குறைத்து, பருப்பு, பயறு, கீரை, காயை அதிகமாக்குங்கள். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். கொள்ளு கொழுப்பை உருக்கி ஊற்றிவிடாது. ஆனால் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறையும், பசி தாங்கும். வாரம் மூன்று நாள் ரசமாகவோ துவையலாகவோ சேர்க்கலாம். சூட்டு உடம்புக்காரர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

• பெயர் தெரியாத பொடி, லேகியம் எதுவும் வேண்டாம். சித்த மருந்து என்று சொன்னாலும் வேண்டாம்! பதிவு பெற்ற மருத்துவர் எழுதித் தர வேண்டும். மூளையில் 'போதும்' நரம்பணுக்களைத் தூண்டும் லோர்கசெரின் என்ற மாத்திரையைக்கூட, அமெரிக்காவில் 2012-ல் அனுமதித்துவிட்டு, புற்றுநோய் அபாயம் தெரிந்ததால் 2020-ல் திரும்பப் பெற்றார்கள்.

• சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எடை குறைகிறது என்று தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 100-க்கு 40 பெண்கள் அதிக எடையோடு இருந்தார்கள். ஆண்கள் 37. அந்த 37 பேரை நாம் 'வசதியான உடம்பு' என்கிறோம். 40 பேரைத்தான் 'வாயைக் கட்டத் தெரியலை' என்கிறோம்!

அந்தத் தம்பதி எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். அந்தம்மாவின் எடை 71. வெறும் மூன்று கிலோதான். ஆனால் இடுப்பு 98 சென்டிமீட்டரிலிருந்து 91-க்கு இறங்கியிருந்தது. சர்க்கரை 5.8. இரவு சாப்பிடுகிறார். தினமும் காலையில் இருவரும் நடக்கிறார்கள்.

"இப்பல்லாம் நான் எதுவும் கேக்கறதில்லீங்க ஐயா" என்றார் கணவர்.

"கேக்கறதில்லை மட்டுமில்ல... ராத்திரி அவரே தட்டு வச்சு, 'வா, சாப்பிடு'ன்னு கூப்பிடறாரு" என்றார் அந்தம்மா, சிரித்துக் கொண்டே.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், மலையில் தீபம் ஏற்றுகிற நேரத்தில் கொடிமரத்தருகே அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் காட்சி கொடுப்பார். பாதி ஆண், பாதி பெண். ஒரே உடம்புதான், ஆனாலும் இந்தப் பக்கம் வேறு, அந்தப் பக்கம் வேறு. வருடா வருடம் கூட்டத்தில் இடிபட்டுப் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடாமல் இருந்தால் சரி!